பெருவிரலில் சுண்ணாம்பு

திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டிக்குப் போகும் சாலையில் எனக்கு ஒவ்வொரு புளியமரமும் தெரியும். பிளாஸ்டிக் குடமும் வாளியும் கட்டிய மொபெட்டில் ஊர் ஊராகப் போய் விற்பது என் பிழைப்பு. அந்த வருடம் ஒரு மரம் விட்டு ஒரு மரம் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. நின்றால் மூத்திரம் வராது. வந்தாலும் நூல் மாதிரி வந்து அறுந்துபோகும். வண்டியில் ஏறினால் மறுபடி முட்டும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் பரோட்டா மாஸ்டர் என்று சுற்றினேன். கல்யாணத்துக்குப் பிறகும் ஓர் ஊரில் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் இருந்ததில்லை. காய்ச்சலோ காயமோ, அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இதற்கு மட்டும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு வைத்தியம் தெரியும். உடம்புச் சூடு என்பார்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கால் பெருவிரல் நகத்தில் தடவினால் சூடு இறங்கிவிடும். திண்டுக்கல் நாகல் நகர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தடவிக்கொள்வேன். ஒருவரும் என்னவென்று கேட்டதில்லை. வாயைத் திறந்து சொல்லவேண்டாம் என்பதுதான் அதில் இருந்த வசதி. வண்டியை அடிக்கடி நிறுத்தக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

ஒருநாள் முழுதாக அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாக வீங்கிவிட்டது. என் மனைவி பாண்டியம்மாள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டியூப் விட்டு மூத்திரத்தை இறக்கினார்கள். டாக்டர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா இந்தச் சுண்ணாம்பு?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும் சார்."

"கூரை ஒழுகுதுன்னு வாசப்படிக்குச் சிமெண்டு பூசியிருக்கீங்க" என்றார். சிரிக்கவில்லை.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள் (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு). புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருப்பது. அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே அன்றுதான் தெரியும். பிறகு கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு பயாப்சி (ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதிப்பது).

புற்றுநோய் என்று வந்தது. எலும்புக்குப் போகவில்லை, ஆனால் சுரப்பியைத் தாண்டிவிட்டது. கதிர்வீச்சு சிகிச்சையும் ஹார்மோன் ஊசியும் (ஆண் சுரப்பை அடக்கும் மருந்து) என்று முடிவு செய்தார்கள்.

"கூடப் பிறந்த ஆம்பளைங்க இருந்தா அவங்களையும் பாக்கச் சொல்லுங்க. ரத்த உறவுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல்" என்றார் டாக்டர்.

எனக்கு ஒரே தம்பி, ராசு. சாணார்பட்டி பக்கம் சம்பங்கி போட்டிருக்கிறான். அவனிடம் "கல்லு அடைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னேன். இந்த இடத்து வியாதியைத் தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை.

கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் மதுரைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். மேசையில் படுக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அடக்க முடியாமல் வந்தவர்களைத் தண்ணீர் குடித்து அடக்கச் சொன்னார்கள். பெஞ்சில் வரிசையாக ஆண்கள், கையில் பாட்டில், முட்டி இரண்டையும் சேர்த்துக்கொண்டு.

ஊசி போட்ட பிறகுதான் உண்மையான சூடு எதுவென்று தெரிந்தது. திடீரென்று கழுத்திலிருந்து மேலே நெருப்பு ஏறும், சட்டை நனைந்துவிடும். பாண்டியம்மாள் விசிறியை என் மடியில் போட்டாள்.

"எனக்குத் தீட்டு நின்ன சமயம் இப்படித்தான் எரிஞ்சுச்சு. சும்மா சும்மா என்னடி விசிறிக்கிட்டு இருக்கன்னு கேட்டீக. இப்பச் சொல்லுங்க."

விசிறியை எடுத்து வீசிக்கொண்டேன். ஆசையும் அற்றுப்போனது. அவளிடம் அதைச் சொன்னபோது, "சோறு எறங்குதா, அது போதும்" என்றாள். நான்கு வாளியைத் தூக்கினால் உட்கார வேண்டும். மூத்திரம் இப்போது அடைப்பதில்லை. சொல்லாமல் கசிகிறது. பேடு (மூத்திரத்தை உறிஞ்சும் பஞ்சுப் பட்டை) வைத்துக்கொள்கிறேன்.

சிகிச்சை முடிந்து ஒருநாள் ராசுவின் தோட்டத்துக்குப் போனேன். பம்புசெட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தான். பெருவிரலில் சுண்ணாம்பு.

"என்னலே கால்ல?"

"சூடுண்ணே. வெயில்ல நிக்கிறம்ல."

"எம்புட்டு நாளா?"

"தையிலருந்து இருக்கும்."

அது ஆவணி மாதம். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "வெரல விட்டுப் பாப்பாய்ங்களாம்ல?" என்றான்.

"பாத்தா என்னலே? அந்த வெரலுக்கு மோதிரமா கேக்கப் போறாய்ங்க?"

சிரித்தான். ஆனால் வரவில்லை. மூன்று முறை போய்க் கூப்பிட்டேன். "வாரேண்ணே, பூ எடுத்துட்டு வாரேன்" என்பான். நான்காவது முறை போனபோது கூப்பிடவில்லை. வேட்டிக்குள் கை விட்டுப் பேடை எடுத்து வரப்பில் வைத்தேன். நனைந்திருந்தது. ராசு அதைப் பார்த்தான், பிறகு தென்னைமரத்தைப் பார்த்தான். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றான்.

அவனுக்குப் புற்றுநோய் இல்லை. வயதானால் வரும் வெறும் வீக்கம், மாத்திரை போதும் என்றார்கள். ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். "பூப்பறிப்பும் போச்சு, மானமும் போச்சு. எல்லாம் ஒன்னாலதாண்ணே." இவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

சுண்ணாம்பு தடவியவர்களுக்கெல்லாம் புற்றுநோய் இல்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. ஐம்பது தாண்டிய ஆண்கள் ஒருமுறை டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் இன்னும் முன்பே கேளுங்கள். டீக்கடையில் நான் இப்போது ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறேன். வெள்ளையாகத் தெரிந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒரு வருடச் சுண்ணாம்பில் என் பெருவிரல் நகமும் வெந்து சொரசொரத்துவிட்டது. அடியிலிருந்து புது நகம் ஏறி வருகிறது. முன்பெல்லாம் நாட்களை நான் வாரச் சந்தையை வைத்துக் கணக்கிடுவேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி, அதுதான் கணக்கு. ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் நகம் ஓர் அரிசி நீளம்கூட வளர்வதில்லை. ஊர் ஊராக ஓடியவனுக்கு அதுவே வேகமாகத்தான் தெரிகிறது. நுனியில் பழைய நகம் இன்னும் ஒரு கீற்று இருக்கிறது. வெட்டலாம், வெட்டவில்லை. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பாட்டிலைத் திறந்து வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறேன்.