வல்லை வெளியில் பாய்ந்த கார்

ஆயுதபூசைக்கு மறுநாள் காலை, கரவெட்டித் தவம் தன் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு உரும்பிராயில் உள்ள எங்கள் கராஜுக்கு வந்தார். பொனற்றைத் திறந்தேன். பளபளவென்று கழுவிய எஞ்சின் மூடியில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

வாகனக்காரர் நோய் சொல்லும் விதமே தனி. ஒருவருக்குக் கார் இருமும். இன்னொருவருக்குக் கோபித்துக்கொண்டு நிற்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

"வல்லை வெளியிலை ஒரு பஸ்ஸை முந்தினன் அண்ணை. பேய் பிடிச்ச மாதிரிப் பாய்ஞ்சுது. பிறகு ஆரோ பின்னாலை பிடிச்சு இழுத்த மாதிரி அடங்கிப்போச்சு. எஞ்சின் லைற்றும் எரியுது."

"பூசைக்கு எஞ்சினைக் கழுவினனியே?"

"ஓம், பிறஷர் வோஷராலை."

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குப் பக்கத்தில், பென்சில் தடிப்பில் ஒரு ரப்பர் குழாய் தண்ணீர் அடித்த வேகத்தில் கழன்று தொங்கியது. காற்றழுத்தம் அளவை எட்டியதும் வேஸ்ட்கேட் என்ற கதவைத் திறக்க வைப்பது அந்தக் குழாய்தான். அது கழன்றால் கதவு திறக்காது. மிதிக்க மிதிக்க எஞ்சினுக்குள் காற்று அளவில்லாமல் ஏறும். காரின் கம்பியூட்டர் கண்டுபிடித்துப் பெற்றோலை வெட்டும்வரை அடி முழுவதும் பிஸ்ரனுக்கு.

"உவ்வளவுதானே! கொழுவிவிடுங்கோ. விடிய எயார்போட்டுக்குப் போகவேணும். மகள் கனடாவிலையிருந்து பேத்தியோடை வாறாள். பிள்ளையை நான் இன்னும் கையிலை தூக்கேல்லை. இந்தக் காரிலைதான் ஏத்திவருவன் எண்டு சொல்லிப்போட்டன்."

"கொழுவ ஒரு நிமிசம். உள்ளுக்கை என்ன நடந்தது எண்டது வேறை கதை."

"நல்லாத்தானே ஸ்ராட் வருது, கேளுங்கோ!"

கேட்டேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. இந்த வேலையில் ஆளை ஏமாற்றுவது அந்த நல்ல சத்தம்தான்.

ஒயிலில் உலோகத்தூள் இல்லை. ரேடியேற்றர் தண்ணீர் சுத்தம். டர்போவின் விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்தேன், பிசகாமல் நின்றது. தவத்தின் முகம் வெளித்தது. பிறகு பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றாவதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலச் சாம்பல் புள்ளிகள். அது பிஸ்ரனின் அலுமினியம்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் கொம்பிரஷன், அதாவது காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தேன். மற்ற மூன்று சிலிண்டரும் ஒத்துவந்தன. மூன்றாவது மட்டும் நன்றாக இறங்கி நின்றது. அதற்குள் கொஞ்சம் ஒயில் விட்டதும் ஏறியது. அப்படியென்றால் வால்வில் பிழையில்லை, பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம்தான். நான் சொன்னால் நம்பமாட்டார் என்று தெரியும். அதனால் சிலிண்டருக்குள் காற்றை அடித்துவிட்டு, ஒயில் ஊற்றும் வாயில் அவரையே காது வைக்கச் சொன்னேன்.

"உஸ்ஸெண்டு கேக்குது."

அடுத்த சிலிண்டருக்கு மாற்றினேன். "இப்ப?"

"பெரிசா ஒண்டுமில்லை…" தலையை நிமிர்த்தாமலே நின்றார்.

"எத்தினை தரம் மிதிச்சனி?"

"ஒருக்கா."

"தவம்!"

"பக்கத்திலை மச்சான் இருந்தவர். 'உண்மையாவே உப்பிடிப் பாயுமோ, இன்னொருக்கா மிதி பாப்பம்' எண்டார். நிப்பாட்டித் திருப்பி ஸ்ராட் பண்ணி…"

"மிதிச்சதுக்கு மச்சான் என்ன சொன்னவர்?"

"பிளேன் மாதிரி இருக்காம்."

"அப்ப பேத்தியைக் கூட்டிவர அந்தப் பிளேன்கார மச்சான்ரை வாகனத்தைக் கேள்."

அவர் சிரிக்கவில்லை. "கொழும்புக்குப் போய்வரத் தாங்காதோ அண்ணை?"

"தாங்கவும் கூடும். முறிகண்டிக்கு அங்காலை காட்டுக்குள்ளை நிண்டா, கைப்பிள்ளையோடை என்ன செய்வாய்?"

தவம் கார்த் திறப்பை என் கையில் வைத்தார்.

பிறகு எஞ்சினை இறக்கிப் பிரித்தோம். மூன்றாம் பிஸ்ரனில் ரிங்கைத் தாங்கும் வரம்பு உடைந்திருந்தது. துண்டு இன்னும் கழன்று வெளியே வரவில்லை. வந்திருந்தால் சிலிண்டரையே கீறிக்கொண்டு போயிருக்கும். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்த தவம், உடைந்த பிஸ்ரனைத் தொடவில்லை. பிள்ளை நித்திரை.

இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். டர்போ அளவு மீறிப் பாய்ந்தால் காலை எடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள். திரும்ப மிதித்துச் சோதிக்காதீர்கள். முதல் அடியை எஞ்சின் தாங்கியிருக்கலாம். எந்த அடியில் உடைந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் இரண்டாவது தேவையில்லாத அடி.

அடுத்த பூசைக்குத் தவம் எஞ்சினை ஈரத்துணியால் மட்டும் துடைத்தாராம். மச்சானைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பொட்டு வைத்தாராம்.