நீலக் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா

என் தம்பி ஓரெஸ்ட் பசரபா, டன்ரே ஊர்த் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவன். குளிர்காலத்தில், ஆட்டம் உள்ள மாலைகளில், அவன் ஐஸ் ஹாக்கி லைன்ஸ்மேன், அதாவது ரெஃபரிக்குத் துணையாகக் கோடுகளைப் பார்க்கும் நடுவர். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அந்தச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போடுவது நான்தான். தோள் தையலில் பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தைத்திருந்தார்கள். பிரித்து, பொருத்தி, நானே மறுபடி தைத்தேன்.

ஊரில் எல்லோரும் ரெஃபரியைப் பற்றித்தான் பேசுவார்கள். கோலா இல்லையா, யாரை வெளியே உட்கார வைப்பது என்பதெல்லாம் அவர் பாடு. விசில் அடித்து ஆட்டம் நின்ற பிறகு, ரப்பர் வட்டை மறுபடி எந்த இடத்தில் போட்டுத் தொடங்குவது என்பதுதான் பெரும்பாலும் ஓரெஸ்டின் கவலை. பனித்தரையில் அதற்காகச் சிவப்புப் புள்ளிகள் வரைந்திருக்கும். எந்தப் புள்ளி என்பதைப் பார்க்க வந்தவர்கள் கவனிப்பதில்லை. ஆடுகிறவர்களுக்கு அது உயிர். கோல்கீப்பருக்குப் பக்கத்துப் புள்ளியில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கோல் விழலாம். கோலுக்கு எட்டத்தில் தரையின் குறுக்கே ஓடும் நீலக் கோட்டைத் தாண்டி வெளியே போட்டால் தற்காக்கிறவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

“யாரால ஆட்டம் நின்னுச்சோ, அவனுக்கு அதனால ஒரு அடி நிலம்கூட லாபம் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் அக்கா” என்று எனக்குச் சொல்லியிருக்கிறான். தாக்குகிறவன் வட்டை, பனித்தரையைச் சுற்றியுள்ள கண்ணாடித் தடுப்புக்கு மேலே தூக்கி அடித்துவிட்டால், ஆட்டம் நீலக் கோட்டுக்கு வெளியே போய்த் தொடங்கும். தற்காக்கிறவன் குச்சியில் பட்டு வெளியே போனால், அவன் கோல்கீப்பர் பக்கத்திலேயே தொடங்கும். யார் குச்சி என்பதைப் பார்ப்பதுதான் வேலை. வட்டைக் கீழே போட்ட பிறகு இடத்தை மாற்ற முடியாது.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு இருந்த கூட்டம் ஒன்றே ஒன்றுதான்: கூட்டுறவுக் கடையின் காப்பி மேசை. தினமும் காலையில் ஆறேழு பேர் அங்கே உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள். தோற்றவர் எல்லோருக்கும் காப்பி வாங்குவார். உரக்கடை வைத்திருக்கும் லயனல் டைக்தான் அந்த மேசைக்குத் தலை. நான் அந்தக் கடையில் காப்பி ஊற்றுகிறவள். அதனால் அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழும். ஆட்டக் காலத்தில்கூட ஓரெஸ்டுக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அவன் வாயே திறக்கமாட்டான். ஆனால் சிரிப்பான். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன மார்ச்சில் எங்கள் ஊருக்கும் ஹார்விக் ஊருக்கும் கடைசி ஆட்டம். வரவேண்டிய லைன்ஸ்மேன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டதால் ஓரெஸ்டைப் போட்டார்கள். இன்னொரு லைன்ஸ்மேன் ரெஜினா பட்டணத்திலிருந்து வந்த ப்ரெண்ட் என்பவர். அன்று அரங்கத்துச் சமையலறையில் என் முறை. பெரோகிக் கொழுக்கட்டைகளை வேகவைத்து எண்ணெயில் பொரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் எங்கள் கோலுக்கு நேர் பின்னால் இருக்கிறது.

ஆட்டம் சமநிலை. முடியப் போகிற நேரம். ஹார்விக்காரர்கள் எங்கள் கோல் முன்னால் முட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் அணியில் ஆடும் லயனலின் மகன் காரி குச்சியை நீட்டினான். ஹார்விக்காரன் ஒருவனும் நீட்டினான். இரண்டு குச்சிக்கும் நடுவிலிருந்து வட்டு எகிறி, கண்ணாடிக்கு மேலே போய், பார்வையாளர்கள் மேல் படாமல் கட்டியிருந்த வலையில் மாட்டிக்கொண்டது. விசில். ரெஃபரி ஓரெஸ்டைப் பார்த்தார். ஓரெஸ்ட் எங்கள் கோல்கீப்பருக்குப் பக்கத்துப் புள்ளியைக் காட்டினான். ரெஜினாக்காரர் சறுக்கிக்கொண்டு வந்து அவன் காதில் ஏதோ சொன்னார். ஓரெஸ்டின் கை அதே புள்ளியைத்தான் காட்டியது. வட்டைப் போட்டான். ஹார்விக்காரன் அதைப் பின்னால் தட்டிவிட்டான், இன்னொருவன் அடித்தான், கோல்.

அரங்கத்தில் சத்தமே இல்லை. என் பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தான். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

“ப்ரெண்ட் காதுல என்னடா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“ஹார்விக் குச்சி மாதிரி தெரியுது, உனக்கு நிச்சயமான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நிச்சயம்னு சொன்னேன்.” கையுறையை மடித்து மடித்துப் பிரித்தான். “நிச்சயம் இல்லக்கா. நம்ம ஊரு ஆடுறப்ப சந்தேகம் வந்தா நம்ம ஊருக்கு எதிராவே கை போகுது. சாதகமா குடுத்துட்டான்னு ஒருத்தன் சொல்லிடுவானோன்னு. பாத்ததைச் சொல்லணும். நான் பயந்ததைச் சொல்லிட்டேன்.”

“யாருக்குடா தெரியப் போகுது?”

அவன் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டான். காப்பி மேசைக்குப் போகிற நேரம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம்.

மேசையில் எல்லோரும் இருந்தார்கள். அவன் நாற்காலி காலியாக இருந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

லயனல்தான் தொடங்கினார். “என்னப்பா, உக்கார்றதுக்கு அழைப்பிதழ் அடிக்கணுமா?”

யாரோ சிரித்தார்கள்.

“காரி ராத்திரி பூரா தூங்கல. அவன் குச்சில வட்டு படவே இல்லயாம்” என்றார் லயனல். “நான் சொன்னேன், டேய், ஓரெஸ்ட் நம்ம ஆளு, அவனுக்குத் தெரியாதா. அந்த ரெஜினாக்காரன் வந்து காதக் கடிச்சத ஊரே பாத்துச்சு. அவன் சொன்னா இவன் என்ன பண்ணுவான்?”

“பட்டணத்தான் கண்ணாடி போட்டுத்தான் கார் ஓட்டுவானாம்” என்றார் பக்கத்திலிருந்த வால்ட். “ஐஸ்ல ஏறினா கழட்டி வச்சிடுவானாம்.”

மறுபடி சிரிப்பு. இவர்கள் ஓரெஸ்டுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது. தலையை ஆட்டினால் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம். அவன் வழக்கமே அதுதான். நான் காப்பிக் குடுவையைப் பிடித்தபடி, ஆட்டிவிடுடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“அவர் இல்ல, லயனல் அண்ணே” என்றான். “இடத்தக் காட்டினது நான். அவர் வேற மாதிரி சொன்னாரு, நான்தான் கேக்கல. காரி குச்சில பட்டிருக்காது. வெளிய போட்டிருக்கணும்.”

லயனல் அவனையே பார்த்தார். “அப்ப தெரிஞ்சே பண்ணினியா?”

“தெரியாம பண்ணினேன். தெரியலன்னு சொல்லியிருக்கணும்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லயனல் பகடைக் குவளையை எடுத்து உருட்டினார். வால்ட் கோதுமை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். லயனல் தன் கோட்டைக் கழற்றி, எட்டி, அந்தக் காலி நாற்காலியின் முதுகில் மாட்டினார். நான் ஓரெஸ்டின் குவளையில் காப்பி ஊற்றினேன். அவன் அதைக் கல்லாப் பக்கம் நின்றே குடித்துவிட்டு, குவளையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு யாரும் அவனிடம் முகம் சுளித்ததில்லை. தெருவில் பார்த்தால், “குளிர் ஜாஸ்தி” என்பார்கள். கிடங்குக்கு வருகிற லாரிக்காரர்கள் முன்பு இறங்கி அடுப்பருகே குளிர்காய்ந்துவிட்டுப் போவார்கள். இப்போது எடை முடிகிற வரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியிலேயே இருக்கிறார்கள். காரி மட்டும் ஒருநாள் இறங்கி வந்து, தோளில் தட்டிவிட்டுப் போனானாம்.

இந்தக் குளிர்காலத்தில் ஓரெஸ்டுக்குத் தூரத்து ஊர்களில்தான் ஆட்டம் கொடுக்கிறார்கள். வெறும் பனிவயல்களுக்கு நடுவில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறான். வேண்டாம், விட்டுவிடு என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

“அங்க திட்டுறவங்களுக்கு என் பேரு தெரியாதுக்கா” என்றான். “அது கொஞ்சம் சவுகரியம்தான்.”

ஜனவரியில் ஒருநாள் அவனோடு போனேன். யாரையும் எனக்குத் தெரியாத அரங்கம். நடுவில் ஒரு தடவை வட்டு இரண்டு குச்சிகளுக்கு நடுவிலிருந்து மேலே எகிறியது. விசில் அடித்தது. ஓரெஸ்ட் கையைத் தூக்கவில்லை. பனியைக் கடந்து இன்னொரு லைன்ஸ்மேனிடம் போய்க் கேட்டான். அந்த ஆளுக்கு அவன் வயதில் பாதி இருக்கும். அவர் சொல்வதைத் தலை குனிந்து கேட்டான். அரங்கம் முழுவதும் ஊளையிட்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “இந்தக் கிழவனுக்குக் கண்ணு தெரியலன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதான?” என்றாள்.

“அவன் என் தம்பி” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஓரெஸ்ட் நீலக் கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினான். இரண்டு பக்கத்தாரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து வந்தார்கள். எல்லோருடைய குச்சியும் தரையில் பதிகிற வரை காத்திருந்து, பிறகு குனிந்து வட்டைப் போட்டான்.