இரும்புச் சங்கிலியின் மறுமுனை

ஜில்லா போர்டு இன்ஜினியர் ஆபீசில் கட்டடப் படம் போடுகிறவன் ஒருவன், அதன் கீழே கையெழுத்துப் போடுகிறவன் இன்னொருவன். பாலக்காட்டில் பல வருஷம் நான் முதல் வகை. இரண்டாம் வகைக்கு ஏறுவதற்கு விதி எளிமையானது: தான் படம் போட்டு, தானே அஸ்திவாரம் குறித்த கட்டடம் முடிந்ததும், உள்ளே போய்த் தானே அளந்து, படத்தோடு ஒத்திருக்கிறது என்று சான்று எழுத வேண்டும்.

நான் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவன். ஆபீசில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்த வேலைகளும் அதற்கேற்றவை: வேத பாடசாலை, அக்கிரகாரத்து வாசகசாலை, கோயிலை ஒட்டிய சத்திரம். கட்டும்வரை சுண்ணாம்பு இடிக்கிறவள், கல் சுமக்கிறவன், நான், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். புண்ணியாகவாசனம் செய்து தீர்த்தம் தெளித்துவிட்டால் கட்டடம் சுத்தம், கட்டியவர்கள் வெளியே. வேறு ஆள் அளக்கலாம் என்று இன்ஜினியர் ஒரு விலக்கு எழுதுவார், அந்த ஆள் மேலே ஏறுவான். என்னை ஏற்றக் கூடாது என்று யாரும் உத்தரவு எழுதவில்லை. எழுதாத உத்தரவுக்கு அப்பீல் கிடையாது.

சத்திரத்தில் மட்டும் ஒரு பிசகு நடந்தது. நல்ல நாள் தவறக் கூடாதென்று தர்மகர்த்தா, சுண்ணாம்புத் தரை தேய்த்து முடிவதற்கு முன்பே தீர்த்தம் தெளித்துவிட்டார். தரை தேய்க்கும் பெண்கள் வாசலில் நின்றார்கள். கோட்டும் அளவுச் சங்கிலியுமாக நானும் நின்றேன். திறப்பு விழாவுக்குக் கலெக்டர் நாள் கொடுத்தாயிற்று. அளவுச் சான்று இல்லாமல் அவர் வரமாட்டார்.

"இவாள்ளாம் போகட்டும், தரை முடிஞ்சதும் இன்னொரு தரம் தெளிச்சுக்கறேன்" என்றார் தர்மகர்த்தா. என்னைப் பார்த்து, "ஓய், நீரும் அந்தக் கோட்டைக் கழட்டிட்டு, ஒரு கூடையைத் தூக்கிண்டு இவாளோட போயிடும். யார் கேக்கப் போறா?"

"வாங்க, தரை தேய்க்கக் கத்துக் குடுக்கறோமுங்க" என்றாள் ஒருத்தி. "கோட்டுல சுண்ணாம்பு ஒட்டுனா ஊட்டுல வைவாங்கல்ல?" மற்றவர்கள் சிரித்தார்கள்.

"கூடை தூக்கிட்டுப் போனா நான் கூலியாளு சாமி. கூலியாளு கையெழுத்தைப் பாத்துக் கலெக்டர் வரமாட்டாரு. அளக்க வந்தவனாத்தான் உள்ள வருவேன்."

"வேற யாராவது அளக்கட்டுமே."

"அதுக்கு இன்ஜினியர் விலக்கு எழுதணும். அவரு லீவுல சீமைக்குப் போயிருக்காரு. பதில் வேலை பாக்கிறவருக்கு அந்த அதிகாரம் இல்ல."

இது உண்மை. அவர் கப்பல் ஏறிய அன்றே நான் விதிப்புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தேன்.

தர்மகர்த்தா விரல் விட்டு நாள் எண்ணினார். பஞ்சாங்கத்தில் வேறு நாள் பார்க்கலாம், கலெக்டரிடம் முடியாது. "சரி, வாரும். எப்படியும் தெளிக்கத்தானே போறேன்."

உள்ளே போன பிறகுதான் அடுத்த சிக்கல். சங்கிலிக்கு இரண்டு முனை. என்னோடு வந்த ஆபீஸ் சேவகன் அக்கிரகாரத்துக்காரர்களுக்குப் பயந்து வெளியிலேயே நின்றுவிட்டான். பெண்களின் கையெல்லாம் சுண்ணாம்புக் குழம்பு.

"அது இரும்புதானே? நூல் இல்லையே?" என்றார் தர்மகர்த்தா.

"சுத்த இரும்பு சாமி."

நூல் வழியாகத் தீட்டு வரும், இரும்பு வழியாக வராது என்பது அவர்கள் வழக்கம். காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஆபீஸ் விதிகளும் பாதி அப்படித்தான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார்.

"இழுக்காதீரும் ஓய்!"

"தளர விட்டா அளவு கூடிரும் சாமி. நல்லாப் பிடிங்க."

கூடம் கூடமாக அளந்தோம். பெண்கள் தரையை முடித்ததும், அன்று மாலையே சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கலெக்டர் வந்தார், எனக்கு மேல் வேலையும் வந்தது.

அதன் பிறகு என் கைக்கு வந்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், அஸ்திவாரம் குறித்தவனே முடிந்த கட்டடத்துக்குள் வந்து அளப்பான், அவன் யாராக இருந்தாலும், என்று ஒரு வரி சேர்த்தேன். சிலர் அதைப் படித்துவிட்டுக் கட்டடமே வேண்டாம் என்று போனார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். லயங்களிலிருந்து வந்த இன்னும் சிலர் அந்த ஒரு வரியால் மேலே ஏறினார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு என்ன நடைமுறை என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.