கருமேகனின் முதல் முகம்

பழைய காமிக்ஸ் பிரியர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன், வாயே திறக்காத உறுப்பினராக. போன வாரம் அதில் பெரிய விவாதம். 'கருமேகன்' தொடருக்கு எந்த ஓவியர் உசத்தி? எல்லோரும் இரண்டாவது ஓவியரைத்தான் தூக்கி வைத்தார்கள். "முதல்ல வரைஞ்சவரு கத்துக்குட்டி. பக்கமெல்லாம் கறையா இருக்கும். அந்தப் பதினோரு புத்தகமும் யார்கிட்டயும் இல்ல. இல்லாததால நஷ்டமும் இல்ல" என்று ஒருவர் எழுதியிருந்தார். பதில் அடிக்க ஆரம்பித்து, அழித்துவிட்டேன். அது புளிக்கறை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குக் கருமேகனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. சேலத்து முதலாளி ஒருவர் மாதாமாதம் சாணித்தாளில் போட்ட புத்தகம் அது. கருமேகன் கையை உயர்த்தினால் மேகம் கூடும். அந்த நிழலில் நின்று கெட்டவர்களைப் பந்தாடுவான். ஆனால் மழை பெய்யக்கூடாது, பெய்தால் அவன் சக்தி போய்விடும். மேகம் வரும், மழை வராது என்பதற்கு அரூர்க்காரன் கற்பனை செய்யவா வேண்டும்? அப்போது நான் அரூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வாத்தியார். கருமேகன் கதையை எழுதியவன் நான்தான். அதையும் அரசாங்கக் கடிதம் மாதிரியேதான் எழுதுவேன். "வில்லன் மனு குடுக்கற மாதிரி பேசறான்டா" என்பான் முருகேசன்.

முருகேசன்தான் படம் வரைந்தவன். தீர்த்தமலை ரோட்டில் அவன் வூடு. புளி சீசனில் உள்ளே காலை வைக்க இடமிருக்காது. அவன் ஆத்தா கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே இவன் இங்க் பாட்டிலோடு குனிந்திருப்பான். புளிப்பும் இங்க்கும் கலந்த அந்த வாசனையை இன்றும் எங்காவது மளிகைக் கடையில் பாதி முகர்வதுண்டு.

சண்டைப் பக்கங்களை ஒரே நாளில் முடித்துவிடுவான். கருமேகன் முகத்துக்கு மட்டும் நாலு நாள். அது அவன் அண்ணன் முகம். கிணற்றுக்கு வெடி வைத்தபோது செத்துப் போனவர். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. மாதாமாதம் நான் டவுன் பஸ்ஸில் புத்தகம் கொண்டுபோனதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கம் புரட்டுவார். "இந்த மாசம் கொஞ்சம் எளைச்சிட்டான் கண்ணு" என்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாங்கள் காபி குடிப்போம்.

புத்தகம் தாமதமாகத் தாமதமாக முதலாளிக்குப் பொறுக்கவில்லை. என்னைச் சேலத்துக்கு வரச் சொன்னார்.

"மூஞ்சிய எவன் பாக்கறான்? அடிதடிக்குத்தான் வாங்கறான். மெட்ராஸ்ல வேகமா வரையற ஆளு இருக்காரு. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு எல்லாம் தெரியும். அந்த முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் எழுதுகிற ஆளையும் மாற்றிவிடுவாரோ என்று பயம். அட்டையில் என் பேரைப் பார்க்கும் சுகம் அப்படி.

"நீங்க பாத்துச் செய்யுங்க" என்றேன்.

முருகேசனிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் புத்தகமே வந்துவிட்டது. கருமேகனுக்குக் காளையின் தோள், சினிமா நடிகர் மீசை. முதல் பக்கத்திலேயே மழை கொட்டியது. அது நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் கொண்டாடினார்கள். மழையில்தான் சக்தி வரும் என்று நானே கதையை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அப்படியும் ஆறே மாதத்தில் வேறு எழுத்தாளர் வந்தார். கருமேகன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போனான். அப்புறம் புத்தகமே நின்றுபோனது.

மழை கொட்டிய அந்தப் புத்தகத்தையும் வழக்கம்போல நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். எந்தத் தைரியத்தில் போனேனோ. ஆத்தா முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார்.

"ஏங்கண்ணு, எம்பையன் எந்தப் பக்கத்துல இருக்கான்?"

முருகேசன் எட்டிப் பார்த்தான். "வேற ஆளு வரைஞ்சிருக்காங்க ஆத்தா" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க கெளம்புங்க. பஸ்ஸு போயிரும்" என்றான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னை 'டா' போட்டவன்.

அதற்குப் பிறகு நான் அந்த ரோட்டுப் பக்கம் போகவில்லை. ஆத்தா போய்ச் சேர்ந்ததையும், பெங்களூரில் பெயின்ட் வேலைக்குப் போன முருகேசன் நெஞ்சுவலியில் போனதையும் யார் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். இரண்டு சாவுக்கும் போகவில்லை. முதலாளியிடமிருந்த பிரதிகள் எடைக்குப் போயின. என் பெட்டியிலிருந்த பதினொன்றையும் கரையான் தின்றது.

அந்த முகத்தை அறிந்தவன் இனி நான் ஒருத்தன்தான். ஒரு வாரமாகக் கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். காளைத்தோளும் நடிகர் மீசையும்தான் வருகின்றன.