கருநீலக் காற்சட்டையில் கறுப்பு நூல்

உடுப்புத் திருத்துகிற தொழிலில் இருப்பவன் சீவியத்தில் பாதியை மற்றவர்களின் கணுக்காலுக்கு முன்னால் முழங்காலில் நின்றே கழிக்க வேண்டும். வாயில் குண்டூசி கவ்வியிருப்பதால் திருப்பி ஒரு சொல் சொல்லவும் வழியில்லை. டுசல்டோர்ஃபில் பத்தொன்பது வருடமாக எனக்கு இதுதான் வேலை. முதலாளிக்குக் கீழே நின்று பல்லைக் கடித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கடை யாருக்கு

கடை லான் அக்காவுடையது. வியட்நாமிலிருந்து வந்தவ. புருஷனைக் கடலில் பறிகொடுத்து, இரண்டு வயது மகளோடு ஒரு கப்பல் தூக்கிக் காப்பாற்றிய மனுசி. என்னைவிட ஏழு வயது மூப்பு என்பதால் நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதைக் கேட்டுக் கேட்டு வாடிக்கையாளர்களும் தங்கட ‘திருமதி’யை முன்னால் சேர்த்து ‘ஃபிராவ் அக்கா’ என்கிறார்கள்.

இந்தக் கடையை முதலில் கேட்டவன் நான். அவவுக்கு வந்து இறங்கியதும் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. நான் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டுகிற தற்காலிகக் கடதாசியோடு வருடக்கணக்கில் திரிந்தேன். அப்படிப்பட்ட கடதாசிக்காரனுக்கு எந்தக் கட்டடச் சொந்தக்காரன் கடையை வாடகைக்குக் கொடுப்பான்? அவவுக்குக் கொடுத்தான். பல வருடம் கழித்து அதே கடைக்கு நான் கூலிக்குப் போனேன். இதை நான் மறக்கவில்லை. மனைவியும் சொல்லிக் களைத்துவிட்டாள்: “அந்த மனுசியும் அந்தரிச்சுத்தானே வந்தது. உங்கட கடதாசிக்கு அவ என்னப்பா செய்யிறது?”

திரும்பி வந்த காற்சட்டை

போன மாரிகாலத்தில் வங்கியில் வேலை செய்கிற ஒருவர் தன் கருநீலக் காற்சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கால்மடிப்பு முழுக்கக் கறுப்பு நூல். அது லான் அக்காவின் கைத்தையல். எறும்பு வரிசை போல ஓடும், பார்த்தாலே தெரியும். அவ கண்ணாடியோடேயே காற்சட்டையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. பிறகு நாடியை நீட்டி என்னைக் காட்டினா. நான் காற்சட்டையை வாங்கி நூலைப் பிரிக்கத் தொடங்கினேன். அந்த மனிதர் என் பக்கம் குனிந்து, மெதுவாக, “ஐயா, இந்த வயதிலை கண்ணாடியை வருஷத்துக்கு ஒருக்கா மாத்த வேணும்” என்றார்.

குறைகிற ஊசிகள்

காலையில் வந்ததும் ஏழெட்டு ஊசிகளுக்கு நூல் கோத்துப் பஞ்சில் குத்தி வைப்பது என் வழக்கம். அவை குறையத் தொடங்கின. நான் தேத்தண்ணி போடத் திரும்புகிற நேரத்தில் லான் அக்கா எடுக்கிறா. ஊசிக்கண் அவவுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழியையும் என் தலையில் போட்டு, ஊசியையும் என்னிடமே எடுத்தால் கோபம் வருமா வராதா? ஆனாலும் அடுத்த நாளிலிருந்து இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் நீலம் என்று இரண்டு மடங்கு கோத்து வைத்தேன். பின்னேரத்துக்குள் அவையும் குறைந்தன. ஒருநாள் முழங்கால் வைத்தியரிடம் போய்ப் பிந்தி வந்தேன். தைக்க வேண்டிய உடுப்பெல்லாம் மடித்தபடி இருந்தது. அவ வெறுங்கையோடு இருந்தபடி, “எங்கை போனனீ? வேலை கிடக்கு” என்றா.

மகள் கொண்டுவந்த யோசனை

லான் அக்காவின் மகள் லின் ஆஹென் நகரத்தில் பல்வைத்தியர். ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தவ, தாய் கோப்பைக்கு வெளியே தேத்தண்ணி ஊற்றுவதைக் கண்டுவிட்டா. கண் வைத்தியரிடம் கூட்டிப்போனதில், இரண்டு கண்ணிலும் வெண்புரை. இனியும் விட்டால் பார்வை போய்விடும் என்று வைத்தியர் சொல்லி, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து டெர்மினும் எடுத்தாயிற்று. தாய் போகமாட்டேன் என்றா.

அடுத்த சனிக்கிழமை லின் என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டு, “அம்மா கடையைச் சாட்டுச் சொல்லுறா. கடையைப் பூட்டினால்தான் போவா. நான் கட்டடக்காரரோடை கதைக்கிறன், நீங்கள் பிறகு உங்கட பேரிலை எடுங்கோ” என்றா. முப்பது வருடத்துக்கு மேலாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல். ‘ஓம், எடுக்கிறன்’ என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

லான் அக்கா ஸ்திரிக்கைப் பெட்டியை வைக்காமல், திரும்பியும் பார்க்காமல் சொன்னா: “கண்ணை வெட்டுறதுக்குப் பயமில்லை. சைகோனிலையும் ரெண்டு நாளிலை திரும்பி வருவமெண்டுதான் கடையைப் பூட்டினனான்.”

ஆறு கிழமை

லின்னுக்கு அது விளங்கியதோ தெரியாது. என் அலுமாரியிலும் ஊரில் பூட்டிவிட்டு வந்த ஒரு வீட்டின் திறப்பு, அந்தப் பழைய சாவி, கிடக்கிறது. “பூட்டவும் வேண்டாம், பேர் மாத்தவும் வேண்டாம். நீங்கள் போங்கோ, நான் திறந்து வைச்சிருக்கிறன்” என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன உடனேயே எனக்கு என்னில் எரிச்சல் வந்தது.

அவ கடைத் திறப்பை என் கையில் தந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கண், பிறகு மற்றக் கண் என்று ஆறு கிழமை, ஒன்றரை மாதம், போனது. தனி ஆளாக நின்றதில் என் முழங்கால் வீங்கிவிட்டது. நாளுக்கு மூன்று தரம் தொலைபேசியில் ஒரே கேள்வி: கடை திறந்திருக்கோ? ஓம் என்றால் வைத்துவிடுவா.

திரும்பி வந்த அன்று கண்ணாடி இல்லாமல் உள்ளே வந்து, நூற்கட்டைகளைப் பார்த்தா, மெஷினில் படிந்த தூசியைப் பார்த்தா, பிறகு எனக்கு முன்னால் வந்து நின்றா. நன்றி சொல்லப் போகிறா என்று நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். என் முகத்தை வடிவாக உற்றுப் பார்த்துவிட்டு, “நடா, நீ எப்ப இவ்வளவு கிழவனாப் போனாய்?” என்றா.

கடை விஷயத்தில் என் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் அவ திறப்பைத் திருப்பி வாங்காததால், எந்தக் கடையில் கோபமோ அதே கடையை இப்போது ஒவ்வொரு காலையும் ஒன்பது மணிக்கு நான்தான் போய்த் திறக்க வேண்டியிருக்கிறது.