கஞ்சி வரிசையில் நின்ற சிறுமி

சென்ற ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாமல்லபுரத்தில் ஒரு சிறிய மாடி அறையில் நடந்தது இது. செங்கல்பட்டில் முதுகலைத் தமிழ் படிக்கும் என் மகள், இனப்படுகொலை இலக்கியம் எப்படி வளர்ந்தது என்று ஆய்வு செய்துகொண்டிருந்தாள். முதலில் தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்கள், பிறகு கவிதைகள், பல ஆண்டுகள் கழித்துத்தான் நாவல்கள் என்று ஆர்வமாகச் சொல்வாள். ஆனால் ஈழத்தின் கடைசிப் போரைப் பற்றிய ஒரு நாவலைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதில் கஞ்சிக்காக வரிசையில் நிற்கும் ஒரு சிறுமி, ஷெல் விழுந்து, பாத்திரத்தைப் பிடித்தபடியே செத்துப்போகிறாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும் மகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போனது.

அதை எழுதிய ஈழத்துப் பெண்மணி ஒரு கூட்டத்துக்கு வருகிறார் என்றதும், புதுப்பட்டினத்திலிருந்து நானும் மகளோடு பஸ் ஏறினேன். அவர் பேசி முடித்ததும் கேள்வி நேரம் வந்தது.

"இன்னாபா, எல்லாரும் கம்முனு குந்திகினு கீறீங்க? கேள்வி கேட்டாத்தான் டீ வரும்!" என்றார் கூட்டம் நடத்தியவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"வேணாம்மா, உக்காரு" என்று மகள் என் புடவையை இழுத்தாள்.

எழுதியவர் வாயாலேயே 'கற்பனை' என்று கேட்டுவிட்டால் இவள் தேறிவிடுவாள் என்று நினைத்தேன். "அந்தக் கஞ்சி வரிசைப் பொண்ணு கற்பனைதானேம்மா? அத்தயே நெனச்சிகினு என் பொண்ணு சாப்பிட மாட்டேங்கறா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மகளை, வெகுநேரம்.

"ஓம் அக்கா, கற்பனைதான். அப்பிடி ஒரு பிள்ளை இருக்கேல்ல. நீங்கள் சாப்பிடுங்கோ, பிள்ளை."

அப்பாடா என்றிருந்தது. மகள் மேலேயே நிற்க, நான் மட்டும் கீழே இறங்கிச் செருப்பு மாட்டும்போது, எழுத்தாளரோடு வந்திருந்த அவருடைய தமக்கை என்னருகே வந்தார். குரலில் கோபமே இல்லை.

"அந்தக் கஞ்சி வரிசைப் பிள்ளை இவவின்ர மூத்த மகள். வாக்குமூலமா எழுத ஏலாமத்தான் நாவலா எழுதினவ. அவளை இல்லை எண்டு இவ சொல்லி இண்டைக்குத்தான் கேட்டனான்."

மேலே ஓடினேன். என் மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்பே ஊகித்திருக்கிறாள். அவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை.

மகள் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஆனால் என் பிள்ளை நாலு வாய் உண்ண வேண்டும் என்பதற்காக, இன்னொரு தாயை, பெற்ற பிள்ளையே இல்லை என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல வைத்துவிட்டேனே என்பது மட்டும் இன்னும் எனக்கு ஆறவில்லை.