வாசலுக்கே திருப்பி விடுகிற பக்கம்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஆபீஸைக் கூட்டித் துடைக்கிற சுடலைவடிவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. செல்லைத் தூரத் தூரப் பிடித்துப் பார்ப்பாள். ஒருநாள் எடுத்துப் பார்த்தால், எழுத்தெல்லாம் புளியங்கொட்டை கணக்காய்ப் பெரிசாய் நிற்கிறது. யார் மாற்றிக்கொடுத்தது என்று தெரியவில்லை. எதிர் மேசையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எப்சி தலைநிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அப்படித்தான். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாது.

அந்தத் தைரியத்தில்தான் தம்பி பூதத்தானின் செல்லையும் அவளிடம் கொண்டுவந்தாள். ஏரல் பக்கம் குத்தகைக்கு வாழை போட்டவன் அவன். தார் முற்றிவிட்டது. வாழைச் சங்கத்தின் வெப்சைட்டில் பதிந்தால்தான் லாரியில் ஏற்ற முறை கிடைக்கும். அந்த வெப்சைட்டைச் செய்துகொடுத்ததே எப்சியின் ஆபீஸ்தான். அவன் பாஸ்வேர்டு போடப் போட, திரும்பவும் பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. விரலில் வாழைக்கறை இருப்பதால் செல்லுக்கு ஆள் தெரியவில்லை என்று நினைத்து, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தோலையே உரித்து வைத்திருந்தான்.

எப்சி அவன் நம்பரைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் சுற்றியது. சோதனைக்கென்று வைத்திருந்த, சொந்த நிலக்காரர் நம்பரைப் போட்டாள். நேரே உள்ளே போனது.

"அக்கா, பாஸ்வேர்டு சரிதான். உள்ள விட்டுருது. ஆனா முறை கேக்குத பக்கம் பட்டா உள்ளவங்களுக்கு மட்டும்தான். 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு சொல்லணும். அதச் சொல்லாம, ஆளையே தெரியாத மாதிரி வாசலுக்குத் திருப்பி விடுது."

"பந்திக்குக் கூப்பிட்டு, 'நீ யாரு'ன்னு கேட்ட மாதிரில்லா இருக்கு!"

எப்சி புதுசாய் ஒரு பக்கம் எழுதினாள். 'உங்கள் பாஸ்வேர்டு சரி. குத்தகைக்காரர்களுக்கு லாரி முறை இல்லை என்பது சங்கத்தின் முடிவு. காரணத்தைச் சங்கத்தில் கேளுங்கள்.'

ஆபீஸ் முதலாளி தேவேந்திரன் அதைப் பார்த்துச் சங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். "இத ஏத்தாத, எப்சி. முன்ன இருந்த மாதிரியே இருக்கட்டும்னு சங்கத்துல சொல்லுதாங்க. எழுத்துல போட்டா நாளைக்கே வந்து நிப்பானுவ. இப்படியே விட்டா, சுத்திச் சுத்திப் பாத்துட்டு அலுத்துச் சடைச்சுப் போயிருவானுவ."

"ஆளச் சடைய வைக்கதுக்கா ஒரு பக்கம், அண்ணாச்சி? இல்லன்னா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

"உனக்கென்ன, வாழைத்தோட்டமா கிடக்கு?"

"தோட்டம் இல்ல. பொய் சொல்லுதது நான் எழுதின பக்கம்லா!"

சொன்ன கையோடு அதை வெப்சைட்டில் ஏற்றியும் விட்டாள்.

மறுநாள் குத்தகைக்காரர்கள் செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சங்கத்து முன்னால் நின்றார்கள். "இந்த முடிவ யாரக் கேட்டு எடுத்திய?" என்றான் பூதத்தான். இந்த அறுப்புக்கு மட்டும் என்று முறை கொடுத்தார்கள். சாமி புண்ணியத்தில் தார் லாரி ஏறியது. ஆனால் அந்தப் பக்கத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று ஆபீசுக்குப் போன் வந்தது.

"உன் கையாலயே எடுத்துரு. வேலை இருக்கும்" என்றார் தேவேந்திரன். எப்சி பையைத் தோளில் மாட்டினாள்.

படிக்கட்டில் சுடலைவடிவு மறித்துக்கொண்டாள். "எங்களாலதான தாயி இப்படி ஆச்சு?"

எப்சி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அழாதீங்கக்கா. என்னைய யாரும் இறக்கி விடல, நானாத்தான் இறங்குதேன். அந்தப் பக்கத்த வேணும்னா அவங்க எடுக்கட்டும், என் கை எடுக்காது. அடுத்த அறுப்புக்கும் தம்பியப் போய்க் கேக்கச் சொல்லுங்க."